மெரிவேலுக்கு மாத்து ஆள்

ராத்திரி பதினொன்னே முக்கால் இருக்கும். நவம்பர் மாசம். வடக்குக் கடல்ல ஆர்க்னின்னு ஒரு தீவுக் கூட்டம், அதுல ஒரு தீவு... மரம் மட்டை எதுவும் கிடையாது. படகுத்துறைக்கு ஒரே ரோடு. அதுல டென்சில் தனியா நடந்து வர்றார்.

நம்ம கேண்டீன் ஹேசல் இருக்காளே, அவ அம்மாவோட அண்ணன். ஐம்பத்தெட்டாம் வருஷம் நடந்தது. இருபத்திரண்டு வயசு அவருக்கு. மெரிவேல் கப்பல்ல பாய்லர் வேலை.

மெரிவேல்னு அது நாலாவது கப்பல். நம்ம நேவியில கப்பல் மூழ்கினாலும் பேரை மூழ்க விடமாட்டாங்க. புதுசு ஒண்ணு கட்டி அதுக்கு வெச்சிருவாங்க. மொதல் மெரிவேல் மரக்கப்பல், எரிஞ்சு போச்சு. ரெண்டாவது மொத உலகச் சண்டையில, பதினேழுல, இதே தீவு வாசல்ல கண்ணிவெடியில போச்சு. மூணாவது அடுத்த சண்டையில.

அன்னிக்குப் பகல் பூரா டென்சிலுக்குக் கல்லறையில வேலை. ரெண்டாவது மெரிவேல் ஆளுங்களோட கல்லைத் தேய்ச்சுக் கழுவணும்னு கேப்டன் உத்தரவு. முந்தின ராத்திரி பாய்லர் டியூட்டி வேற. கூட வந்தவங்க பத்து மணிப் படகுல போயிட்டாங்க. இவர் மதுக்கடை மூலையில உட்கார்ந்தவர், அப்படியே அசந்துட்டார். பன்னெண்டு மணிக்குத்தான் கடைசிப் படகு.

நடக்கறார்... பின்னாடி சத்தம்.

சதக்... சதக்...

தண்ணி ரொம்பின பூட்ஸ். இவர் நின்னா நிக்குது. நடந்தா வருது. ஒரு ஜோடி இல்ல... நிறைய. அப்புறம் வாசனை. நிலக்கரிப் புகை, நனைஞ்ச கம்பளி.

பயப்படக்கூடத் தெம்பில்ல அவருக்கு. திரும்பாம நடந்தார். ஒருத்தன் பக்கத்துல வந்தான். தொப்பி ரிப்பன்ல கப்பல் பேர் இருக்கும்ல... அதைக் குனிஞ்சு படிச்சான்.

"மெரிவேலா, தம்பி?"

"ஆமா."

"அப்பாடா... வந்துட்டியா."

குரல்ல கோபமே இல்லையாம். அசதி. எலும்பு வரைக்கும் அசதி. டியூட்டிக்கு நின்னோம், மாத்து ஆள் வரவே இல்லன்னான். மாத்து ஆள் வந்து, நான் பாத்துக்கறேன்னு சொல்லாம இடத்தை விட்டு நகரக் கூடாது... கப்பல்ல அதான் சட்டம்.

"நீ பாத்துக்கறியா? நாங்க கொஞ்சம் படுக்கறோம்."

டென்சிலும் அப்படிக் கால் கடுக்க நின்னவர்தான. பாவமா இருந்துச்சு.

"சரிண்ணே. நான் பாத்துக்கறேன். போய்ப் படுங்க."

பூட்ஸ் சத்தம் நின்னுச்சு. ரோடு முழுக்க ஒரு பெருமூச்சு... நூறு பேர் சேர்ந்து விட்ட மாதிரி. திரும்பினார். யாருமில்ல.

படகைப் பிடிச்சு, கப்பல் ஏறி, தொங்கு படுக்கையில விழுந்தார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு, டியூட்டி மாத்தற நேரம். தோள்ல ஒரு கை. சில்லுனு... ஈரமா.

"உன் முறை, தம்பி."

எழுந்து பார்த்தா சுத்தி எல்லாரும் நல்ல தூக்கம்.

மறுநாளும் அதே நேரம். அதுக்கு மறுநாளும். நேவியை விட்டார். பிளைமவுத்துல பஸ் ஓட்டினார், கல்யாணம் கட்டினார். அந்தக் கை விடல. எழுந்துபோய் ஜன்னல்கிட்ட விடியிற வரைக்கும் நிப்பார். அந்தக் கப்பலை உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாச்சே, வந்து படுங்கன்னு மனைவி கெஞ்சுவாங்க. பேர் இருக்கேம்மான்னு சொல்வாராம்.

எண்பது வயசுல பக்கவாதம். முதியோர் இல்லத்துல ரெண்டு வருஷம், ஒரு விரல் அசையல. நிக்க முடியலையேன்னு அழுவாராம்.

போன அக்டோபர்ல அஞ்சாவது மெரிவேலைத் தண்ணியில இறக்கினாங்க. டிவியில காட்டினாங்க. மறுநாள் விடியக்காலைல ஹேசலுக்கு போன் வந்துச்சு... தூக்கத்துலயே போயிட்டார்னு.

இவ போய்ப் பார்த்தா, மாமா வெறும் மெத்தையில கிடக்கார். முகத்துல அப்படியொரு நிம்மதி. போர்வை கால்மாட்டுல. இறுக்கமா சுருட்டி, ஏழு சுத்து சுத்திக் கயிறு கட்டி... டியூட்டி முடிஞ்சு கப்பலை விட்டுப் போறவன் படுக்கையைக் கட்டுவானே, அப்படி.

அந்த இல்லத்துல கயிறே கிடையாதாம். ஹேசல் தொட்டுப் பார்த்திருக்கா.

சொட்டச் சொட்ட... ஈரம்.