முதல் பந்தி

இல்லைங்க, தூங்கல. மேடையில அவர் கண்ணை மூடினா யோசிக்கறார்னு அர்த்தம். ஊரே அப்படித்தான் நம்புது. ஆமா, எங்க வீட்டுக்காரர்தான். பேனர்ல பாதிச் சுவத்துக்குச் சிரிக்கிறாரே, அவரேதான். காலேஜ்ல இங்கிலீஷ் புரொபசர். பசங்க டிக்‌ஷனரின்னு பட்டப்பேர் வச்சிருக்காங்க. அந்த டிக்‌ஷனரியை இருபத்தாறு வருஷமா தூசி தட்டி வைக்கறவ நான்.

இன்னைக்கு வெளியிடற புத்தகமா? ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்திங்க. ஈட். சாப்பிடறது. மூணு எழுத்துக்கு இருநூறு பக்கம். சிரிக்காதீங்க, உள்ள போயிட்டா வெளிய வர மனசு வராது. செம்புத் தகட்டுல ஆசிட் ஊத்திப் படம் போடுவாங்க இல்ல, அதுக்கு எட்ச்னு பேரு. அவளும் இந்த ஈட்டுக்குச் சொந்தக்காரிதான். ஆசிட் தகட்டைச் சாப்பிடுதாம். பல்லுக்கு டூத்னு பேர் வந்ததே, தின்கிறதுங்கிற அர்த்தத்துலதான் இருக்கணும்னு சொல்றாங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் கான்வென்ட்ல படிச்சவங்க. ஒரு வார்த்தையைத் தப்பாச் சொன்னா, அகராதியில அந்தப் பக்கம் முழுசையும் சிஸ்டர் எழுத வைப்பாங்க. மத்தவளுங்க அழுவாளுங்க. நான் வேணும்னே தப்புப் பண்ணுவேன்.

அந்தப் புத்தகத்தைத்தான் மடியில வச்சிருக்கீங்களே, பிரிங்க. மூணாவது பக்கம், சமர்ப்பணம். சத்தமா வேணாம், முன் வரிசைக்குக் கேக்கும். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்ட என் மனைவிக்கு. அழகா இருக்கா? எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. பதினோரு வருஷம், அடுப்புல ஒரு கண்ணு, நோட்டுல ஒரு கண்ணுன்னு எழுதினவ நான். ஆறு நோட்டு. அவர் செஞ்சது படி எடுத்தது. அதுலயும் எழுத்துப் பிழை திருத்தினது நான்.

கேக்காம இருப்பேனா? ரெண்டு பேர் பேரும் போடலாமேன்னு கேட்டேன். சாப்பிட்டுட்டு இருந்தார். மென்னு முழுங்கிட்டு, உன் பேரைப் போட்டா சமையல் புத்தகம்னு நினைச்சுக்குவாங்க, இன்னும் கொஞ்சம் போடுன்னார். போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டார். அப்புறம் மிச்சத்தை வழிச்சுப் போட்டுக்கிட்டு நான் உக்காந்தேன். எங்க வீட்டுல எப்பவும் அதான் வரிசை. அன்னைக்குத்தான் நான் சாப்பிடாம எழுந்தேன், இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு.

விஷமா? நீங்க ஒண்ணு. எனக்கு அவ்வளவு அவசரம் இருந்தா பதினோரு வருஷம் உக்காந்து எழுதியிருப்பேனா?

முதல்ல வேற மாதிரிதான் நினைச்சேன். அறுபதாம் பக்கத்துல ஒரு வார்த்தைக்கு வாய்க்கு வந்த பொய்க் கதை ஒண்ணைச் செருகிடலாம், நாலு பேர் முன்னாடி மாட்டிக்கிட்டு முழிக்கட்டும்னு. கை வரலீங்க. புத்தகம் நான் பெத்ததாச்சே. அப்பனைப் பழி வாங்க, பெத்த பிள்ளை மூஞ்சியில கரியைப் பூசுவாங்களா?

முதல் அத்தியாயத்தைப் பாருங்க, ஃப்ரெட்டுங்கற வார்த்தை. கவலைப்பட்டுப் புழுங்கறதுக்கு அப்படிச் சொல்வாங்க. அது ஒரு காலத்துல, மிச்சம் வைக்காம தின்னு தீக்கறதுங்க. ஈட்டுக்கு முன்னாடி ஒரு ஒட்டுப் போட்டா அதான். ஜெர்மன்காரன் மனுஷன் சாப்பிட்டா ஒண்ணு சொல்லுவான், மாடு தின்னா இன்னொண்ணு சொல்லுவான். அந்த மாட்டு வார்த்தையும் இதுவும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. நாமளும் மனசை அரிக்குதுன்னு சொல்றோமே. அந்த அத்தியாயத்தை நான் யாரையும் கேட்டு எழுதல. அரிச்சது எனக்கு.

அவருக்குப் பக்கத்துல ஒல்லியா, கழுத்துல கயிறு கட்டின கண்ணாடியோட இருக்காரே, அவர்தான் சிறப்பு விருந்தினர். சொல்லாராய்ச்சிப் பத்திரிகை ஆசிரியர். மாசாமாசம் அது எங்க வீட்டுக்கு வரும், உறை பிரிக்காமலே பரணுக்குப் போகும். மேடையில மத்தவங்க பேசறப்போ உக்காந்து புத்தகத்தைப் படிக்கிற ஒரே மனுஷன். அவரைக் கூப்பிடுங்க, கவுரவமா இருக்கும்னு யோசனை சொன்னதே நான்தான். எங்க வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கிட்டார். என் யோசனை எதையும் அவர் வீணாக்கினது இல்லை.

பாருங்க, கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார். மறுபடி முதல் அத்தியாயத்துக்கே போறார். புரட்டற வேகம் குறைஞ்சிருச்சு பாத்தீங்களா. இப்ப பையைத் துழாவறார். இருக்கும், பையில இருக்கும். போன மாச இதழ். அதுல ஃப்ரெட்டைப் பத்தி ஒரு கட்டுரை, இந்த அத்தியாயத்துக்கும் அதுக்கும் ஒரு கமா கூட மாறாது. கீழ என் பேரு, எங்கப்பா இனிஷியலோட. யாரும்மா நீங்க, நேர்ல பார்க்கணும்னு ஆசிரியர் கடுதாசி போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை விழாவுல, ரெண்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி, நோட்டுங்களோட வரேன்னு பதில் போட்டுட்டேன்.

ஆமாங்க. ஆறும் இந்தப் பையிலதான் இருக்கு. கனமா இருக்கேன்னு அப்பவே கேட்டீங்களே.

எங்க வீட்டுக்காரரும் கண்ணைத் திறந்துட்டார் பாருங்க. இருபத்தாறு வருஷமா அவர் எழுந்தப்புறம்தான் நான் சாப்பிட உக்காருவேன். இந்த ஒரு பந்தியில மட்டும் நான் முந்திக்கிட்டேன். மிச்சத்தை அவர் சாப்பிடட்டும்.

கொஞ்சம் இந்தத் தண்ணி பாட்டிலைப் பிடிக்கறீங்களா? ஆசிரியர் என்னைத்தான் தேடறார். எழுந்து நிக்கணும்.