மகியின் கிண்ணம்

தலைமை நாற்காலியில் இருந்தும் சாயாமல் அமர்ந்திருக்கும் புத்தகக்கடை ஹயாமி அம்மையார் அவர்களே! முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் பெரியவர்களே! பிள்ளைகளை அனுப்பிவிட்டு இரண்டு ரயில் மாறி வந்திருக்கும் தாய்மார்களே! அட்டையை மறைத்து மறைத்துப் படித்து, இன்று அட்டை தெரிய மார்போடு அணைத்திருக்கும் அருமைத் தோழியரே! பதிப்பாசிரியர் நாகசே தம்பி அவர்களே! பயப்படாதீர்கள் தம்பி, உங்களைப் பற்றியும் வரும். எங்கள் ஓவியர், ஆசான் ஒகினோ சென்செய் அவர்களே! மூன்றாம் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தொமோயே அவர்களே! எல்லோருக்கும் இந்தச் சமையற்கட்டு ஃபுமியின் தலைதாழ்ந்த வணக்கம்.

எங்கள் சித்திரக்கதை முடிந்த இந்த விருந்தில் நிற்கவே கால் வலிக்கிறது. ஏழு ஆண்டு! எண்பத்து நான்கு அத்தியாயம்! மைக்கூடு களைத்தது, மேசைவிளக்கு களைத்தது, சென்செயின் மணிக்கட்டு களைத்தது, என் சோற்றுப்பானையும் களைத்தது. எனக்கு வரையத் தெரியாது. ஒன்பதாவதோடு புத்தகத்தை மூடியவள் நான். கெடு நெருங்கும் நாட்களில் ஓவியக்கூடத்துக்கு வந்து வடித்துக் கொட்டுகிறவள். பேருந்து ஓட்டும் மகியும், கடைசி நிறுத்தத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஷிஹோவும் காதலித்த கதையை நீங்கள் புத்தகத்தில் படித்தீர்கள். நான் ஈரம் காயாத தாளில் படித்தேன். நாற்பதைத் தொட்ட இரண்டு பெண்கள், கையைத் தொடவே நாற்பது அத்தியாயம்! என்னம்மா அங்கே சிரிப்பு? உங்களுக்கு எத்தனை அத்தியாயம் ஆயிற்று?

ஒரு மத்தியானம் சூப்பு கொண்டு போனேன். ஷிஹோ வீட்டில் மகி குச்சியால் எடுத்துச் சாப்பிடும் காட்சி காய்ந்துகொண்டிருந்தது.

"சென்செய், இந்தப் பொண்ணு அந்த வீட்டுக்கு எத்தனை வருஷமா வருது?"

"ஆறு வருஷமாச்சுக்கா."

"ஆறு வருஷமா வர்றவளுக்கு இன்னும் கடையில குடுக்குற மரக்குச்சியா? பார்சல் வாங்க வந்தவளா அவ?"

ஓவியக்கூடமே சிரித்தது. சென்செய் பழைய பக்கங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் அதே மரக்குச்சி! "ஐயய்யோ, கவனிக்கவே இல்லையேக்கா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கேட்கிறேன் தாய்மார்களே, நம் வீடுகளில் அவரவர் கிண்ணம் அவரவருக்கு இல்லையா? அவரவர் குச்சி அவரவருக்கு இல்லையா? பிளந்து தின்று வீசுகிற மரக்குச்சி விருந்தாளிக்குத்தானே?

கடைசி அத்தியாயம் வந்தது. நாகசே தம்பியும் வந்தார்.

"மகிக்கு வேற ஊருக்கு மாற்றல் வருது, சென்செய். பஸ் கிளம்புது. ஷிஹோ கையாட்டுறாங்க. வெறும் தோழிகள்னு நினைக்கிறவங்க அப்படியே நினைச்சுக்கட்டும். எல்லாருக்கும் நல்லது."

மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த சென்செய், "சரி நாகசே. முடிஞ்சாப் போதும்" என்றார்.

எல்லாருக்கும் நல்லதாம்! எந்த எல்லாருக்கும்? தம்பி போனதும் கரண்டியோடு போய் நின்றேன்.

"ஏழு வருஷமா நான் சோறு போட்டது கையாட்டி அனுப்பி வைக்கிறதுக்கா? நீங்க கோழை, சென்செய்!"

அவர் கோபப்படவில்லை. களைத்த கண்ணால் பார்த்தார்.

"உங்க அண்ணன் வர்ற அன்னிக்கு, தொமோயேக்காவுக்கு எதுலக்கா சோறு போடுறீங்க?"

அவையோரே! கரண்டி கையில் இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக நானும் தொமோயேவும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம். வெங்காயம் உரிக்கும்போது நானே சென்செயிடம் உளறிய கதைதான். ஆண்டுக்கு இருமுறை அண்ணன் வருவார். வந்தால், தொமோயேவின் நீலக்கிண்ணம் அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னால் போய்விடும். "என் தோழி, சும்மா வந்திருக்கா" என்று சொல்லி அவள் முன்னால் மரக்குச்சியை வைப்பேன். ஒருநாளும் அவள் ஏன் என்று கேட்டதில்லை. 'படக்'கென்று குச்சியைப் பிளப்பாள். அவ்வளவுதான். மகிக்கு மரக்குச்சி கொடுத்தது சென்செயின் மறதி. தொமோயேவுக்குக் கொடுத்தது என் ஞாபகம்!

மறுநாள் நீலக்கிண்ணத்தைத் துணியில் சுற்றி ஓவிய மேசையில் வைத்தேன்.

"நீங்க வரைங்க, சென்செய். அண்ணன் வர்றப்ப நானும் இதை எடுத்து வைக்கிறேன்."

வரைந்தார்! வலித்த கையால் வரைந்தார்! முத்தம் இல்லை, மோதிரம் இல்லை, மாலை வெயில் இல்லை. மகி பேருந்தை நிறுத்திவிட்டு வருகிறாள். கடைசிக் கட்டத்தில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கிண்ணங்கள், இரண்டு சோடிக் குச்சிகள். முடிந்தது! நாகசே தம்பி நெடுநேரம் பார்த்தார். "இப்படியே போகட்டும்" என்று கண்ணாடியைத் துடைத்தார். கேட்டால் வேர்வை என்றார். டிசம்பரில்!

நான் எடுத்து வைத்தேனா? அதைத்தானே கேட்கிறீர்கள், பின்வரிசை அம்மா?

புத்தாண்டு மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். நீலக்கிண்ணம் மேசைமேல் இருந்தது.

"இது யாருது?"

"தொமோயேவோடது. பத்தொன்பது வருஷமா."

"ஓ" என்றார். சூப்பைக் குடித்து முடித்தார். வழக்கமாகப் போகும் ரயிலுக்கு முந்தைய ரயிலில் போய்விட்டார். இன்றோடு பதினெட்டு நாள், தொலைபேசி அடிக்கவில்லை. அவர் போனபின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொமோயே சொன்னாள்:

"முட்டாளு. சோறு ஆறுது. வந்து சாப்பிடு."

களைப்பாக இருக்கிறதா? இருக்கிறது. அண்ணன் என் அண்ணன் இல்லையா? வலிக்காதா? ஆனால் அவையோரே, ஒளித்து ஒளித்துக் களைப்பதும் உழைத்துவிட்டுக் களைப்பதும் ஒன்றா? முன்னது உட்கார்ந்தாலும் தீராது. பின்னதற்கு ஒரு பிடி சோறு போதும்!

சூப்பு ஆறுகிறது, முடிக்கிறேன். இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் மரக்குச்சிதான். இங்கே நீங்கள் விருந்தாளிகள், கோபிக்காதீர்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். துண்டுக்குப் பின்னால் யாருடைய கிண்ணமாவது இருந்தால், வெளியே எடுங்கள். எந்த அலமாரியிலும் தனக்கென்று கிண்ணம் இல்லாதவர் யாராவது இருந்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பானை பெரிது.

வரைந்த கைக்கும், வாசித்த கண்ணுக்கும், பத்தொன்பது ஆண்டு வாய் திறக்காமல் குச்சி பிளந்தவளுக்கும் என் நன்றி. வணக்கம்.