கழுத்துக்குள் ஒரு காவல்

அவைக்கு அணி சேர்க்கும் விழாத் தலைவர் வெங்கடாசலம் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மருத்துவர் யுவராணி அம்மையார் அவர்களே! அதியமான்கோட்டைப் பெரியோர்களே! போட்டது போட்டபடி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! தீர்த்தமலை ஈசனைத் தொழுது உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பொட்டலத் தாளையும் மாத்திரை அட்டையையும் வாசித்து வாசித்தே படித்தவள். இன்று ஒரு காவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இரத்தத்தில் கால்சியம் திடீரென்று ஏறுகிறதா? கழுத்தில், தைராய்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு செல்கள் கால்சிட்டோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிடம் ஓடி, ‘உன் கால்சியத்தை வெளியே விடாதே’ என்று தடுக்கிறது. எந்தப் பள்ளியில் படித்தது அது? எவர் சொல்லி விழித்தது அது? கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் கடலளவு கருணை வைத்த கடவுளை என்னவென்று புகழ்வேன்!

இதோ, வெற்றிலை போடாத வாயோடு அமர்ந்திருக்கிறாரே, இண்டூரில் எங்களோடே வாழும் என் நாத்தனார் பாஞ்சாலி... என்ன அண்ணி? “அதையும் மைக்குல சொல்லோணுமா?” என்கிறார். சொல்லத்தான் வேண்டும் அண்ணி, பொறுத்துக்கொள்ளுங்கள்!

போன ஆண்டு அவருக்கு முழங்கால் வலி. மகன் நவநீதன் பெங்களூரிலிருந்து வெள்ளை மாத்திரை அனுப்பினான். மகள் சுசித்ரா ஓசூரிலிருந்து ஆரஞ்சு மாத்திரை கொண்டுவந்தாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? மருந்துக் கடையில் ரோஸ் மாத்திரை வாங்கினேன். யார் மனமும் கோணக் கூடாதென்று அண்ணி மூன்றையும் விழுங்கினார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் தாராளம். நானோ ஒரு நோட்டில் கட்டம் போட்டு, கொடுத்த வேளைக்கெல்லாம் டிக் போட்டேன். காலை, மதியம், இரவு. எட்டு மாதம்! ஒரு வேளை தவறவில்லை, ஒரு டிக் விடுபடவில்லை.

தை பிறந்தது. அண்ணி குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார். குடித்ததை வாந்தி எடுத்தார். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, “நீ யாரு வூட்டுப் பொண்ணு கண்ணு?” என்றார். இருபத்திரண்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவளைப் பார்த்து!

ஓடினோம் மருத்துவமனைக்கு. பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய கால்சியம் பதினான்கைத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருந்தது. “என்ன மாத்திரை சாப்புடறாங்க?” என்றார் யுவராணி அம்மையார். நோட்டைப் பெருமையோடு நீட்டினேன். பக்கம் பக்கமாய்ப் புரட்டினார். நான் கொண்டுபோன மூன்று மாத்திரை அட்டையையும் வரிசையாய் வைத்தார்.

“நிறந்தாங்க வேற. மூணும் ஒண்ணுதான். மூணுலயும் கால்சியம், வைட்டமின் டி. அதுக்கு மேல வெத்தலைச் சுண்ணாம்பு வேற.”

டிக் போட்ட கை இந்தக் கை, தாய்மார்களே!

கழுத்துக்குள் காவல் இருப்பதை அவர் விளக்கியதும், “ஏனுங்க டாக்டர், அப்ப அது தூங்கிப் போச்சுங்களா?” என்றேன்.

“தூங்கலீங்க. சட்டுனு ஏறுனா ஓடி வரும். மாசக்கணக்கா ஏறியே கெடந்தா, சுரக்குற கையிருப்பு கொறஞ்சு போகலாம். எலும்பும் அது பேச்சைக் கேக்காம போயிரும். நம்ம ஒடம்புல அது சின்ன உதவிதாங்க. இத்தனை பாரத்தை அது எப்படித் தாங்கும்?”

கேட்டீர்களா? அலறியது, அலுத்தது, அப்போதும் நாம் அள்ளி அள்ளிப் போட்டோம்! ஊட்டியது அன்பு, ஆனால் கேள்வி கேட்காத அன்பு!

மாத்திரையை நிறுத்தினார். சுண்ணாம்பை நிறுத்தினார். சலைன் ஏற்றினார். நான்காம் நாள் காலையில் அண்ணி கண் திறந்து, “ஏம்மா, என் பொடவை எங்க? இந்தப் பச்சைக் கவுனு யாருது?” என்றார். சிரிக்கிறீர்கள்! நான் அன்று தேம்பி அழுதேன். “என்னாலதான் அண்ணி” என்றேன்.

“அட போம்மா! நோட்டு இல்லைன்னா டாக்டருக்கு எப்புடித் தெரிஞ்சிருக்கும்? வேண்டாம்னு நானும் வாயத் தொறந்திருக்கோணுமில்ல?”

மன்னிக்கும் மனம் அது! சிறுநீரகமும் மெல்ல மீண்டது. அன்றே என் நோட்டில், டிக் போடும் கட்டத்துக்கு முன்னால் புதிதாய் ஒரு கட்டம் வரைந்தேன். அதன் தலைப்பு ஒரே சொல்: ‘எதற்கு?’ அந்தக் கட்டம் நிரம்பாமல் இந்தக் கை இன்றுவரை ஒரு டிக்கும் போட்டதில்லை.

வீடு திரும்பியதும் உங்கள் மாத்திரை டப்பாவைத் தரையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் கையிலெடுத்து மருத்துவரிடம் கேளுங்கள், எதற்கு? எதற்கு? எதற்கு?

செவி தந்த அவைக்கும், என் அண்ணியைத் திருப்பித் தந்த மருத்துவருக்கும், தன் கதையைச் சொல்ல விட்ட பாஞ்சாலி அண்ணிக்கும் தலை தாழ்ந்த நன்றி. வணக்கம்!