சேராது

முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நேற்று கடலைமிட்டாயை நீட்டியபோது, சேராது என்று ஒதுக்கிவிட்டீர்கள். இது வெறும் அரிசி மாவு, நானே வீட்டில் பிழிந்தது.

தென்காசியில் இருபது வருடமாக ஒவ்வாமை வைத்தியம் பார்க்கிறேன். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தும்மல்காரர்களுக்கு இங்கே உட்கார இடம் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரின் 'சேராது' என்ற சொல்தான் எனக்கு ஆகாது. பிடிக்காத கத்திரிக்காயும் சேராது, எண்ணெய்க் குளியலும் சேராது, நாத்தனார் வீடும் சேராது. எது நோய், எது சாக்கு என்று நான் எப்படிப் பிரிப்பது?

அதனால் சொல்லாமல் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஆலங்குளம் ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குப் பால் சேராதாம். பால்பொடி கலந்த பிஸ்கட்டில் நாலைத் தின்றுவிட்டு, பேரன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப் பதினோரு பேரைப் பிடித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வேல்விழி பன்னிரண்டாவது. அவள் கணவன் முத்துச்செல்வம்தான் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து கூட்டி வந்தான். முந்திரி சேராது என்று மாமியார் வைக்கும் பாயசத்தை ஒதுக்குகிறாளாம், வீட்டில் ஓயாத சண்டையாம். அவனை வெளியே உட்காரச் சொன்னேன்.

"சின்னதுல ஒருக்க மூச்சே நின்னுட்டு, டாக்டர். நடிக்கேன்னு சொல்லுதாவ. நீங்களாவது நம்புங்க," என்றாள்.

முறைப்படி கையில் முந்திரிக் கரைசல் ஒரு சொட்டு விட்டு ஊசியால் குத்தினேன். கால்மணி நேரத்தில் பழைய நாலணா அளவுக்குத் தடித்தது. சொறிந்து வரவழைத்திருப்பாள் என்று தோன்றியது. நர்ஸ் இசக்கிமணியை லேபுக்கு அனுப்பிவிட்டு, சோர்ந்து தெரிகிறாயே என்று சத்துமாவுக் கஞ்சி கொடுத்தேன். அதில் ஒரு கரண்டி முந்திரிப் பொடி.

நாலாவது நிமிடம் கழுத்தைப் பிடித்தாள். உதடு வீங்கியது. என் சட்டையைப் பற்றி இழுத்தாள். அட்ரினலின் ஊசி இந்த இழுப்பறையிலேயே இருந்தது. நான் போடவில்லை. போட்டிருந்தால், மருந்தில் பிழைத்தாளா, நடிப்பை நிறுத்தினாளா என்று கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

எனக்கும் வருத்தம்தான். என்னிடம் வந்தவர்களில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள். அவள் சீட்டில் 'முந்திரி சேராது' என்று அன்றே என் கையால் எழுதிவிட்டேன்.

எழுதுவதை நிறுத்தாதீர்கள், இன்ஸ்பெக்டர். முறுக்கு மாவில் கொஞ்சம் நிலக்கடலையும் பொடித்துச் சேர்த்திருந்தேன். நீங்கள் தின்று மூன்று நிமிடம் ஆகிறது. உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டால் நல்லது, அவ்வளவுதான்.