ஏரிக்குக் கீழே யாருமில்லை

என் மனைவி ஜோசபின் வைக்கும் மீன்குழம்பைச் சாப்பிடாத தமிழர்கள் அமெரிக்காவில் எங்கள் பார்சிப்பனிப் பக்கம் குறைவு. அணையைப் பார்க்க வந்த மாநில இன்ஸ்பெக்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி. யாரோ ஒரு பண்ணைக்காரர் அந்தக் காலத்தில் ஓடையை மறித்து மண்கரை போட்டு உண்டாக்கியது. வீட்டை வாங்கியபோது அணையும் எனக்குச் சொந்தமாயிற்று. சர்ச் ஆட்கள் வந்தால், "தேவதாஸ், சொந்தமா ஒரு ஏரியே வெச்சிருக்கீங்களே" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அணைகளைத் தரம் பிரிப்பதில் ஒரு நியாயம் உண்டு. கரை எவ்வளவு பலவீனம் என்பதை வைத்துப் பிரிப்பதில்லை. உடைந்தால் கீழே யார் சாவார்கள் என்று பார்ப்பார்கள். யாருமில்லையென்றால் குறைந்த அபாயம். ஒரு குடும்பம் இருந்தாலும் உயர்ந்த அபாயம். ஏரியை வடித்து, மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலை அகலப்படுத்தி, கரையைப் புதிதாகக் கட்டச் சொல்வார்கள். நான் சிவில் இன்ஜினீயர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கரைக்குக் கீழே ஓடையோரம் இருந்த என் சின்ன மரக் கேபினில் பேரின்பநாதன் குடும்பம் இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் இழந்து வந்தவன். இங்கே தங்குவதற்கான பேப்பர் எதுவும் சரியாகவில்லை. நான்தான் இடம் கொடுத்தேன். வாடகை வாங்கவில்லை. போன் வேண்டாம், கடிதங்கள் என் விலாசத்துக்கே வரட்டும் என்றேன். அவர்கள் நன்மைக்குத்தான். அவன் மனைவி நேசமலர் ஒருமுறை சொன்னாள்: "தண்ணிச் சத்தத்தில பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுறாள் அண்ணை."

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் அவர்களிடம் போனேன். "நாளைக்கு எல்லாரும் மேல வந்துடுங்க, லஞ்ச் எங்க வீட்லதான். அந்தக் கொடித்துணி, பாப்பா ஊஞ்சல் எல்லாம் உள்ள வெச்சிடுங்க" என்றேன். ஊஞ்சலை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

கீழே யாராவது குடியிருக்கிறார்களா என்று இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு மேஜையில் கேட்டார். யாருமில்லை என்றேன். நேசமலர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்களைக் காலி பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும். போக்கிடம் இல்லாதவர்களை எப்படி அனுப்புவது?

அடுத்த வசந்தத்தில் மழை விட்டபாடில்லை. ஒரு சனிக்கிழமை ஜோசபின் ஆஸ்பத்திரி டியூட்டிக்கும், பேரின்பநாதன் கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போடும் வேலைக்கும் போயிருந்தார்கள். பட்டப்பகல். நான் காபியோடு வீட்டின் பின்பக்க டெக்கில் நின்றேன். தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழியத் தொடங்கியது. கரை தாங்கும் என்று நினைத்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படி நினைக்கவில்லை. மண்கரைமேல் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நடந்து போய்க் கூட்டிவர நேரம் இருந்தது. கார் ஹாரனை அடித்திருந்தாலே நேசமலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருப்பாள். ஆனால் கேபின் போனபிறகு, எங்கே குடியிருந்தீர்கள் என்று யாராவது அவளைக் கேட்பார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. கரையைத் திரும்பக் கட்ட விடமாட்டார்கள்; ஏரி என் கையை விட்டுப் போய்விடும். காபியைக் குடித்து முடித்தேன். கப்பைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

அடக்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. பேரின்பநாதன் என் தோளில் சாய்ந்து, "உங்களை விட்டா எங்களுக்கு ஆர் அண்ணை இருந்தவை" என்றான். போலீஸ் கேட்டபோது நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான்: மனைவியும் மகளும் அன்று என் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்கள், ஓடையோரம் விளையாடப் போனார்கள் என்று. அவனுக்கு வேறொரு ஊரில் வேலை பார்த்துக் கொடுத்தேன்.

கரையைத் திரும்பக் கட்டிவிட்டேன். பழைய மறுகாலே போதும். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஜோசபினிடம் மீன் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்பார். பொய் சொல்வது எப்போதுமே எனக்குப் பிடிக்காத காரியம். இந்த முறை அதற்கு அவசியமில்லை.