நாலாவது மேஜை, அஞ்சு பேரு

இரும்மா ஸ்வாதி, நோட்ட அப்பிடி இழுக்காத, பக்கம் கிழிஞ்சிடும். இன்னா சந்தேகம்? நாலாவது மேஜையா? ம். சொல்லு.

டீ-ஷர்ட்டு ஒண்ணு அதிகமா வந்துட்டுதா? முதுகுல மேஜ நம்பர் போட்டதா? நோட்டுல அஞ்சு பேரு கீது, வர்றது நாலு பேருன்ற. உக்காரு. சாப்பாட்டு நேரம், இப்ப யாரும் கேட்டாண்ட வர மாட்டாங்க.

இல்லாதவங்களுக்கு மளிகப் பை கட்டற இந்த ஃபுட் பேங்க்குக்கு நீ வந்து ஒரு மாசந்தான் ஆவுது. நான் ஞாயித்துக்கிழம ஆனா செங்கல்பட்டுல மொத பஸ்ஸப் புடிச்சி இந்தப் பூஞ்சேரி ஷெட்டுக்கு வந்துகினு கீறேன். இன்னியோட தொண்ணூத்தி மூணு ஞாயிறு. மழையில வர முடியாதது ரெண்டு, அத்த சேக்கல. படிச்சது ஆறாங்கிளாசு. முப்பத்திரெண்டு வருசம் அரிசி குடோன்ல மூட்ட எண்ணுனவன். எண்ணிக்கையில இதுவரிக்கும் ஒருத்தரும் என்னக் கேட்டது கிடையாது. நீதான் மொதல்ல கேக்கற. தப்பில்ல, கேக்கணும்.

அந்த மேஜ யாருதுன்னு தெரியுமில்ல? மாமல்லபுரம் பஜார்ல செருப்புக் கட வெச்சிருக்காரே சௌகத் அலி, அவரு, அவரு சம்சாரம் ஜஹனாரா, பையன் அப்துல் அஹத், சின்னப் பொண்ணு அலீனா. மத்த மேஜைங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாஷ்யம் சார் குடும்பம் வந்தா, அரிசி அள்றதுக்கு முன்னாடியே சண்ட. நாவலூர் ஆபீஸ்காரங்க பத்து பை கட்டுனா இருவது போட்டோ. பாத்துட்டு உட்டுடலாம். இவங்களத்தாம்மா பாக்க முடியல.

இன்னா பண்ணாங்களா? ஒண்ணும் பண்ணல. அதான் பேஜாரு. அவரு பையப் பிரிச்சிப் புடிப்பாரு, அந்தம்மா பொருளப் போடும், பையன் முடிச்சி போடுவான், பொண்ணு எண்ணும். இங்க குடு, அங்க வையின்னு ஒரு பேச்சு கிடையாது. கை நீளும், பொருளு அங்க இருக்கும். நடுவுல அந்தம்மா, ஏங்க, பையப் புடிக்கிறீங்களா, யாருக்காவது செருப்பு அளவு பாக்கறீங்களான்னு கேக்கும். அவரு சிரிச்சிக்கினே அடுத்த பையப் பிரிப்பாரு. பொண்ணுக்கு சட அவுந்தா, எண்றத நிறுத்தாம தல மட்டும் அம்மா பக்கம் சாயும். அந்தம்மா பின்னி உடும். கையத் தொடச்சிட்டுத்தான் பின்னும், அதுலயும் குத்தம் சொல்ல முடியாது. இத்தயெல்லாம் நான் இந்த நாற்காலில உக்காந்துகினு பாக்கணும், வாராவாரம்.

குத்தம் தேடுனேனான்றியா? தேடுனேன். உன்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா கீது. ஒரு வாரம் அவங்க கட்டுன பை பூரா தனியா வெச்சி, அவங்க போனப்புறம் பிரிச்சிப் பாத்தேன். எழுவத்திரெண்டு பை. பைக்கு பத்து பொருளு. ஒண்ணே ஒண்ணுல உப்புப் பாக்கெட்டு இல்லன்னாக்கூட மனசு ஆறியிருக்கும். இல்ல. எல்லாத்துலயும் பத்து. எழுவத்திரெண்டையும் திரும்ப நானே கட்டுனேன். ரெண்டு பஸ்ஸு போயிட்டுது.

எனக்கா? எனக்கு ஏதும்மா மேஜ. குடும்பத்துக்கு ஒரு மேஜ, ஆபீஸுக்கு ஒரு மேஜன்னு போர்டு மாட்டியிருக்குதே. மொத நாள் வந்தப்ப, உன் எடத்துல இருந்தவரு உங்ககூட எத்தினி பேருன்னாரு. நான் ஒருத்தன்தான்னேன். எனக்குப் பின்னால யாராச்சும் நிக்கறாங்களான்னு எட்டிப் பாத்தாரு. அப்ப கேட்டுல உக்காந்து தல எண்ணுங்கன்னாரு. நல்ல வேலதான். நான் எழுதற கணக்குக்குத்தான் சாப்பாட்டுப் பொட்டலம் வருது, டீ-ஷர்ட்டு வருது.

வூட்லயும் ஒருத்தரும் இல்ல. தங்கச்சி ஒருத்தி ஆவடில கீறா. அத்த வுடு.

எங்க எழுந்துட்ட? அவங்களக் கேக்கறியா? இரு. கூட ஒரு ஆள எழுத வெச்சி வாங்கிக்கறாங்கன்னு தோணுது உனக்கு. தோணும். நெசத்த சொல்றேன், நீ வந்து கேட்டதும் எனக்குள்ள ஒரு குளுகுளுப்பு. வாய மூடிக்கினு இருந்தாப் போதும், நாலாவது மேஜையில இன்னிக்கி பேச்சு வரும், அந்தம்மா மொகம் சுருங்கும், ஒருவாட்டி பாத்துடலாம்னு இருந்திச்சி. அந்த அளவுக்குப் பொறாமம்மா எனக்கு.

ஆனா அந்தப் பொண்ணப் பாரு. பொட்டலம் எண்ணி எடுத்துகினு போவுது. நாலுதான் எடுக்கும், எப்பவும் நாலுதான். அதாண்ட போயி கணக்கு தப்புன்னு சொல்லக் கூடாது. உக்காரு.

ஆடி மாசத்துல ஒரு ஞாயிறு பையனுக்கு ஜொரம். மூணு பேருதான் வந்தாங்க, முடிச்சி போட ஆளில்ல. அந்தம்மா இந்தப் பக்கம் பாத்து, அண்ணே, செத்த வந்து கட்டித் தர்றீங்களான்னிச்சி. போனேன். அம்பத்தெட்டு முடிச்சி போட்டேன். நோட்டுல நாலுன்னு எழுதுனேன். அவங்க மூணு, நான் ஒண்ணு. சரிதானே?

அடுத்த வாரம் பையன் தேறி வந்துட்டான். என்ன யாரும் கூப்புடல. கூப்புடவும் வேண்டியதில்ல. பேனாவ எடுத்தேன். நாலுன்னு எழுதுனா, என்னக் கழிச்சிட்டா மாதிரி ஆவுதும்மா. அஞ்சுன்னு எழுதிட்டேன். பதினோரு வாரமா அஞ்சு.

மொத்தத்துல தப்பு வராது. கடைசி வரியப் பாரு, கேட்டுன்னு போட்டு எனக்கு ஒண்ணுன்னு எழுதுவேனில்ல? பதினோரு வாரமா அங்க சைபரு. கூட்டிப் பாரு, சரியா வரும்.

டீ-ஷர்ட்டு அளவு நாப்பத்திரெண்டுதான? அவங்க வூட்ல யாருக்கும் அந்த அளவு கிடையாது, நான் எழுதிக் குடுத்த என் அளவு. இப்பிடிக் குடு. அவங்களாண்ட சொல்லாத. சட்டைக்கு உள்ள போட்டுக்கறேன், வெளில தெரியாது.