வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள்

"நம்ம பொண்ணு கிளாஸ்ல ஓயாம பேசிக்கினே கீறாளாம். டீச்சரம்மா சொல்றாங்க."

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலோரம் இருந்த அவர்கள் மகளுக்குக் காது கேட்காது, பேச வராது. ஏறியதிலிருந்து அவளோடு இருவரும் கையால்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கிளாஸ் மொத்தமும் இவகிட்ட கத்துக்கினு, சத்தமே இல்லாம கையில கத பேசுதாம். இத வுட்டுட்டு திருப்பதி ஹாஸ்டல் ஸ்கூலு இன்னாத்துக்கு?"

"கத பேச கூட்டாளிங்க கீறாங்க, சரி. பாடத்த கையில யாரு சொல்றது?" என்றார் மனைவி. "அங்க டீச்சருங்களே கையில பேசுவாங்க."

"நா இல்லாம கொழந்த தூங்குமா?"

"நீதான் தூங்க மாட்ட."

கணவர் பெருமூச்சு விட்டு, புதுப் பள்ளி டீச்சர்களைப் பற்றி மகளுக்குக் கையால் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. விரல்கள் படபடத்தன. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"டீச்சருக்கும் தெரியும்னா, நாங்க கிளாஸ்ல பேசிக்கறது எல்லாம் மாட்டிக்குமே, எனக்கு அந்த ஸ்கூலு வேணாம் நைனாங்கறா!"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையும் வாயுமாக மகளிடம் சொன்னார்: "அதுக்குத்தாண்டி போறோம்."